அறுபத்தெட்டு வேகன்

ஃபெரிட்டின் ஐந்து என்றார் டாக்டர் பெரிவான்.
எத்தனைக்கு ஐந்து என்று கேட்டேன்,
மகனின் விடைத்தாளை விசாரிப்பதுபோல.
அவர் சிரிக்கவில்லை.
தெற்கிலிருந்து விமானத்தில் வந்தவர்,
இந்த ஒரு வாரத்துக்குக் கிரூனாவின் டாக்டர்.
அடுத்த முறை வேறொருவர் இருப்பார்,
முதலிலிருந்து சொல்லவேண்டும்,
மூச்சு வாங்குவதை,
குளியலறைச் சல்லடையில் சேரும் முடியை,
ராத்திரியில் கால்களுக்குள் யாரோ நடப்பதை.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டேன்.
அவரே கேட்டார்:
ஐஸ் கடிப்பீர்களா, ஐலி?

பிடிபட்ட திருடிபோல்
கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஃப்ளாஸ்க் நிறைய ஐஸ் கட்டியோடுதான்
இரண்டு குளிர்காலம் வண்டி ஏறியிருக்கிறேன்.
வெளியே மைனஸ் முப்பது.
உள்ளே நொறுக்நொறுக்கென்று நான்.
பழக்கம் என்றுதான் நினைத்தேன்,
சிலர் நகம் கடிப்பதில்லையா.

என்ன வேலை என்றார். சொன்னேன்.
அப்போதுதான் சிரித்தார்,
உடனே மன்னிக்கச் சொன்னார்.

அறுபத்தெட்டு வேகன்.
வேகனுக்கு நூறு டன்.
சுரங்கத்திலிருந்து நார்விக் துறைமுகம்வரை
பதினோரு வருடமாய்
இரும்பைத் தவிர வேறெதையும் இழுத்ததில்லை.
இரும்படிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை என்பார்கள்.
ஈதான்
வண்டி ஓட்டிக்கொண்டிருந்தது.

மாதத்தில் எத்தனை நாள் போகும்?
எண்ணியதில்லை.
டன் கணக்கு எழுதுகிறேன்,
தாமதமான நிமிடங்களுக்குக் காரணம் எழுதுகிறேன்,
இதை எந்தப் படிவமும் கேட்டதில்லை.
எட்டு. சில மாதம் பத்து.
கறுப்புக் கால்சட்டை தவிர வேறு நிறம் வாங்குவதில்லை.
கேட்டால்
அழுக்குத் தெரியாது என்பேன்.

ஊருக்கடியில் தோண்டத் தோண்ட
நிலம் இறங்கியது.
அளந்தார்கள், வரைபடம் போட்டார்கள்,
எந்தத் தெரு எந்த வருடம் என்று கடிதம் வந்தது.
சர்ச்கூடச் சக்கரத்தின்மேல் ஏறிப் போயிற்று,
கையசைத்தோம்.
எனக்குள் இறங்கியதற்கு
ஒரு கடிதமும் வரவில்லை.
சமையலறை நாற்காலியில் கோட்டோடு உட்கார்ந்து
ஒரு பூட்ஸைக் கழற்றிவிட்டு
மற்றதைக் கழற்றாமல் தூங்கிப்போயிருக்கிறேன்,
அவ்வளவுதான்.

ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை.
வெறும் வயிற்றில், ஆரஞ்சுச் சாறோடு.
இரண்டு மணி நேரத்துக்குப் பால் கூடாது.
பால் போகட்டும்.
காபியும் கூடாது.
விடியாத ஊரில், காலை நாலரை மணிக்கு,
காபி இல்லாமல்
ஒரு மனுஷி எதை நம்பி எழுந்திருப்பாள்?

ஸ்டூரே வழக்கம்போல எனக்கும் ஊற்றிவிடுகிறான்,
பிறகு நினைவு வந்து
இரண்டு கோப்பையையும் அவனே குடிக்கிறான்.
உனக்கு வியாதி, எனக்குத் தூக்கம் போச்சு என்கிறான்.
கடிகாரத்தைப் பார்க்கிறேன்.
அபிஸ்கோ ஏரி தாண்டும்போது
எனக்கு அனுமதி உண்டு.
அந்த முதல் வாய்க்காக
ஏரியை முன்னைவிட உன்னிப்பாகப் பார்க்கிறேன்.

வயிறு கல்லாகிறது.
போவது கரியாய்ப் போகிறது.
இதைப் பற்றி யாரும் கவிதை எழுதுவதில்லை,
நானும் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வியாழக்கிழமைகளில் ரத்தப் புட்டு,
துண்டுபோட்டு வெண்ணெயில் முறுகப் பொரித்து,
பக்கத்தில் லிங்கன்பெர்ரி ஜாம்.
எலிஸ் ஜாமை மட்டும் தின்கிறான்.
ஒன்பது வயது. ஆராய்ச்சிக்காரன்.
ஒவ்வொரு ஞாயிறும்
ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து காந்தத்தை எடுத்துவந்து
என் மணிக்கட்டில் வைத்துப் பார்க்கிறான்.
விழுகிறது.
நாட்காட்டியில் குறித்துக்கொள்கிறான்: இன்னும் இல்லை.

இந்த ஞாயிறு
பெர்ரி எடுக்க ஃப்ரீசரைத் திறந்தேன்.
ஐஸ் தட்டு நிறைந்திருந்தது,
மேலே உறைபனி படிந்து.
எந்த நாளில் மறந்தேன்?
தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்,
கதவு திறந்திருக்கிறதென்று
ஃப்ரிட்ஜ் கத்தும்வரை.

அம்மா, கை, என்றான் எலிஸ்.
நீட்டினேன்.
காந்தம் விழுந்து
மேஜைக்கடியில் உருண்டது.
நானே குனிந்து எடுத்தேன்.
நிமிர்ந்தபோது
அறை சுற்றவில்லை.