சுவரில் இருந்தது

சாங்க்ட் காலன் ரயில் நிலையத்துக்குப் பின்னால்
ஒரு பல்மருத்துவருக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம்.
கீழே துளைக்கிற சத்தம் கேட்டபடி
மேலே நாங்கள் சட்டைகளுக்குப் புள்ளி போடுகிறோம்.

தண்ணீருக்கு ஐந்து. சாயத்துக்கு ஐந்து.
கூலிக்கும் ஐந்து. படிவத்தில் கூலி என்று இல்லை,
'வாழப் போதுமான ஊதியம் நோக்கிய பயணம்'
என்று இருக்கிறது.
புறப்பட்டாலே ஒன்றரை.

இம்முறை எனக்கு வந்தது
குழந்தை உடுப்பு விற்கிற நிறுவனம்.
பனிக்கரடி இலச்சினை. எண்பத்துநாலு பக்க அறிக்கை.
மீள்சுழற்சிப் பொத்தானுக்கு மட்டும் மூன்று பக்கம்.

அறுபத்தோராம் பக்கத்தில் ஒரு பெண் சிரிக்கிறாள்.
இயந்திரத்தில் கை, கழுத்தில் அளவுநாடா,
மூக்குத்தியில் ஒரு பொட்டு வெளிச்சம்.
கீழே: "தெற்காசியாவில் எங்கள் குடும்பம்."
எனக்கு முதல் பார்த்த ரெகுலா
பச்சையில் சரி போட்டிருந்தாள்.
அவளில் பிழையில்லை.
அவளுக்கு அது சுவர்.

எனக்கு அது எழுத்து.
இடது தோளுக்குப் பின்னால் ஒட்டிய தாளில்
நீலப் பேனாவால், அவசரமாக:
ஞாயிறு வேலை உண்டு.
வராதவர் திங்களும் வர வேண்டாம்.

நானூறு வீதம் பெருப்பித்தேன்.
'ஞா' உடைந்து சதுரம் சதுரமாகியது,
ஆனாலும் ஞாதான்.
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
இந்தச் சனியன் எழுத்து எதற்கு உதவும் என்று வாய்காட்டி
ஒரு பனிக்காலம் முழுக்க வெளியே நின்றவள் நான்.

பக்கம் இருபத்திரண்டு சொல்கிறது:
வாரம் ஆறு நாள். மேலதிக வேலை விருப்பத்தின் பேரில்.

"மூலம்?" என்றாள் ரெகுலா.
"சுவர்" என்றேன்.
"எந்தக் கட்டத்தில் போடுவாய்?"
தேடினோம்.
வாத்து இறகுக்குக் கட்டம் உண்டு.
ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கும் முறைக்கு
நாலு உபகட்டம்.
"பழைய படமாக இருக்கலாம்" என்றாள், அன்பாகத்தான்.
"தீபாவளிக்கு முந்தின கிழமையாக இருக்கலாம்"
என்று நானே சேர்த்துக் கொடுத்தேன்.
நியாயமாக நடப்பது எங்கள் தொழில்.

அதனால் கேட்டு எழுதினேன்.
பக்கம், தோள், பேனா நிறம், மொழிபெயர்ப்பு
எல்லாம் வடிவாக.

இரண்டாம் நாளே பதில்:
"தங்கள் கூர்ந்த கவனத்துக்கு மனமார்ந்த நன்றி.
அறிக்கை புதுப்பிக்கப்பட்டுள்ளது."

திறந்தேன்.
அதே பெண். அதே சிரிப்பு.
மூக்குத்தியில் அதே பொட்டு வெளிச்சம்.
பின்னால்
இப்போதுதான் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளை.

நாற்பத்தெட்டு மணிநேரத்துள் பதில் தந்தால்
வெளிப்படைத்தன்மைக்கு அரைப் புள்ளி கூட.
கணினி தானாகவே போட்டுவிடும்.
மூன்று தசம் ஒன்று
மூன்று தசம் ஆறு ஆனது.
'பரவாயில்லை' இப்போது 'பரிந்துரைக்கலாம்.'

கீழே யாருக்கோ துளைத்துக்கொண்டிருந்தார் டாக்டர்.

பழைய பக்கம் என் மேசை லாச்சியில் இருக்கிறது,
அச்சு மை கொஞ்சம் மங்கல்.
அதை எழுதியது யார் என்று அங்கே கேட்டிருக்க மாட்டார்கள்.
அந்தத் தாளுக்கு முன்னால் ஏன் உட்கார்ந்தாய் என்று
ஒருத்தியைக் கேட்டிருப்பார்கள்.
அவள் பெயர் எனக்குத் தெரியாது.
படிவமும் கேட்கவில்லை,
நானும் கேட்கவில்லை.

இன்று ஞாயிறு.
இந்த ஊரில் இன்றைக்கு
வெறும் போத்தலைத் தொட்டியில் போடவும் தடை.
கண்ணாடிச் சத்தம்
ஓய்வுநாளைக் கலைத்துவிடுமாம்.
கதவடியில் ஆறு போத்தல்கள்
திங்களுக்காகக் காத்து நிற்கின்றன.