கோப்பை மூடுமுன்

லாபே நதி பெருகி வடிந்த வாரம்
உனக்கு நினைவிருக்கும், போஹுமில்.
ரப்பர் பூட்ஸுக்குள் சேறு சளசளக்க
ஊஸ்தி நகரின் கீழ்த்தெருக்களில்
வீடு வீடாக ஏறி இறங்கினோம்,
காப்பீட்டுக் கம்பெனியின் மஞ்சள் படிவங்களோடு,
எது நிஜம், எது ஜோடனை என்று பார்க்க.

நான்கு பேர் ஒரே வாக்கியத்தைச் சொன்னால்
பேனாவை மூடிவிடுவாய்.
"ராத்திரியே உட்கார்ந்து மனப்பாடம் பண்ணியிருக்கிறார்கள்."
தண்ணீர் மூன்றாம் படிவரை என்று மனைவியும்
இல்லை, ஐந்தாம் படி என்று கணவனும்
நம் முன்னாலேயே சண்டை பிடித்தால்தான்
உன் முகம் தெளியும்.
சுவரில் ஈரக்கோடு நான்காம் படிக்கு நேராக இருக்கும்.

அந்தக் கல்வி நீ கொடுத்தது.
ஓய்வுபெற்ற குளிர்காலத்தில், வேறு வேலையில்லாமல்,
அதே மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு
ஒரு பழைய கோப்பைத் திறந்தேன்.
எழுதிக் கொடுத்தவர்கள் நால்வர்.
கல்லறைக்கு வந்தவள் ஒருத்தி என்கிறான் ஒருவன்,
மூவர் என்கிறான் இன்னொருவன்.
அங்கே பேசிய தூதன் ஒருவனா, இருவரா?
அதிலும் இழுபறி.
கல் புரண்டிருந்தது, உள்ளே உடல் இல்லை.
அதில் மட்டும் யாரும் பிசகவில்லை.
ஈரக்கோடு, போஹுமில்.

பெண் சொல் சபை ஏறாத காலம் அது.
கதை கட்டுகிறவன்
முதல் சாட்சியாக மகதலேனா மரியாளையா நிறுத்துவான்?
தலைவனாகப் போகிறவன்
நெருப்பில் குளிர்காய்ந்துகொண்டே
ஒரு வேலைக்காரிக்கு நடுங்கி, அவரைத் தெரியவே தெரியாதென்று
சேவல் கூவும்வரை சாதித்ததை
அவன் ஆட்களே எழுதி வைப்பார்களா?
கூரை ஒழுகியது தன் தவறென்று
நம்மிடம் யாராவது தானாக எழுதித் தந்தார்களா,
முப்பத்தோரு வருடத்தில்?
அப்புறம், இவர்கள் கேட்ட தொகைதான் என்ன?
கிடைத்ததெல்லாம் சவுக்கும் சிறையும்.

ஏமாந்தவனும் உயிரைக் கொடுப்பான் என்பாய்.
சரிதான். ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்,
அழிக்கவில்லை.

வெந்துலாவைப் பற்றி நீ கேட்கப்போவதும் தெரியும்.
ஆறு வயது. அந்த மார்ச் மாதம்.
சின்னப் பெட்டியின் ஒரு முனையை நானும் தூக்கினேன்.
ஏன் என்ற பத்தியில்
என் கோப்பிலும் வெள்ளைத்தாள்தான்.
அதை அழகான சொற்களால் நிரப்ப வந்தால்
என்னை வெளியே தள்ளு.
ஆனால் அந்தக் கோப்பில் ஒருவன் வருகிறான், தோமா,
நம் தொழிலுக்குப் பிறந்தவன்.
கண்டால் போதாது,
காயத்தில் விரலை விட்டுப் பார்க்க வேண்டும் என்றவன்.
மற்ற கடவுளர் என்ன செய்திருப்பார்களோ,
இவர் விலாவைத் திறந்து காட்டினார்.
சேதத்தைப் பார்வையிட வந்தவனைத் துரத்தவில்லை.
உயிர்த்த பிறகும் தழும்பை ஆற்றிக்கொள்ளவில்லை.
உன் மகளைப் பறிகொடுத்த உனக்கு
தழும்பில்லாத ஒரு கடவுளைப் பற்றி
நான் வாய் திறந்திருக்கவே மாட்டேன்.

முழங்காலிடச் சொல்லவில்லை,
ஞாயிற்றுக்கிழமை ஓட்டுக்கூரை ஆலயத்தில்
ஒன்பது கிழவிகளோடு என் பக்கத்தில் உட்காரவும் சொல்லவில்லை.
அங்கே ஹீட்டர் வேறு வேலை செய்வதில்லை.
தீர விசாரி என்கிறேன்,
மற்றவர் கோப்புகளை விசாரித்த மாதிரி.
உன் பெயருக்கு என்ன பொருளென்று
உன் அம்மா சொல்லியிருப்பாள்:
கடவுளுக்குப் பிரியமானவன்.
பெயரும் ஒரு சாட்சியம் என்று வாதாட மாட்டேன்.
நீ சிரிப்பாய்.

நேற்று ஸ்டிராடின் மதுக்கடையில்
இதில் பாதியைச் சொல்லி முடிப்பதற்குள்
சிகரெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாய்.
"கோப்பை மூடிவிடாதே" என்றேன்.
எந்தக் கோப்பை என்று நீ கேட்கவில்லை.
பாதி பீரின் மேல் அட்டையை வைத்துவிட்டு
மழைக்குள் போனாய்.

இந்த ஊரில், கோப்பையை அப்படி மூடினால்
திரும்பி வருவேன் என்று அர்த்தம்.