காதுக்குப் பின்னால் ஒரு துளி

டைக் வீதியில் எங்கள் கடை.
கதவைத் திறந்தால் கடல் உள்ளே வந்து
நீட்டிய முடியையெல்லாம் மறுபடி சுருட்டிவிடும் என்று
செல்வமலர் அக்கா சாத்தியே வைப்பா.
ஏசி ஓடினால் யன்னல் திறக்கக்கூடாது.
கடைச் சட்டம்.

அந்தப் போத்தல் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வரும்
பழைய பேப்பரில் சுற்றி.
முன்பக்கம் தங்க எழுத்து, பாதி வெட்டிய தேங்காய்.
பின்பக்கம் ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர்.
எத்தனை உச்சியில் பூசியிருப்பேன்,
இரும்பு இழுக்க இழுக்க எழும் புகைக்கு
கண்ணைச் சுருக்கி, மூச்சை ஒரு பக்கம் திருப்பி.
இரவில் இருமல் வந்தால்
கடற்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று
கடலின் தலையில் போட்டுவிடுவேன்.

றிஸ்மியா மட்டும்
மூடி திறந்தால் போதும், காணாமல் போவாள்.
துவாய் காயப்போட, சில்லறை மாற்ற,
வீதியில் நிற்கிற மானுக்கு வாழைப்பழத் தோல் போட.
கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து வருகிறவள்
வேலைக்குக் கள்ளி என்று நினைத்தேன்.
ஒருநாள் முகத்துக்கே சொன்னேன்.
அவள் துவாயை மடித்துக்கொண்டிருந்தாள்.

பங்குனிச் சனிக்கிழமை யசோதினி வந்தாள்.
பெரியாஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை.
இடுப்பு மட்டும் முடி, சுருள் சுருளாய்.
"நேராக்கிவிடு, விடிய சீவ நேரமில்லை."
நான் மூடியைத் திருகினேன்.
அவள் கதிரையில் நிமிர்ந்தாள்.
"இஞ்ச தா பாப்பம்."
ஒருதரம் மணந்தாள். இரண்டாம் தரம் மணக்கவில்லை.

"வெட்டியெடுத்த கட்டியெல்லாம்
இந்த மணத்துக்குள்ளதான் போட்டு வைக்கிறம்.
அழுகாமலிருக்க.
அதுவும் கையுறை போட்டு, புகை இழுக்கிற பெட்டிக்குள்ள.
நீ வெறுங்கையோட நிக்கிறாய்."

நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டினோம் இரண்டு பேரும்.
மேல் தாளில் 'இல்லை' என்று இருந்தது.
கீழ்த் தாளில் ஒரு சதவீதக் கணக்கு.
அதற்கும் கீழே பசை.
வருசக்கணக்காய் மணந்தால் என்ன வரும் என்று கேட்டேன்.
அவள் பொய் சொல்லவில்லை.

பதினெட்டாயிரம் எழும்பிப் போகுது என்று
அக்கா கண்ணாலேயே ஏசினா.
அப்போதுதான் வாசலில் நின்ற றிஸ்மியா,
ஈரத்துவாயை வயிற்றோடு அணைத்தபடி,
"எனக்கு மூணு மாசம்" என்றாள்.
"சொன்னா வேலை போயிடும் எண்டு சொல்லல்ல."

ஏசி இரைந்துகொண்டிருந்தது.
யன்னலை யார் திறந்தது என்று
இன்றைக்கும் எனக்குச் சரியாய் நினைவில்லை.
நானாக இருக்கவேண்டும்,
கொளுக்கி வெட்டிய தழும்பு என் விரலில்தான்.

இப்போது வருகிறவர்களிடம் கேட்கிறேன்:
தலையில் புண் இருக்கா, நேற்றுச் சொறிந்தாயா,
கலர் அடித்து எத்தனை கிழமை,
மூச்சிழுப்பு இருக்கா,
பிள்ளை வயிற்றிலா, பாலிலா.
பொலிசில் கேட்கிற மாதிரி இருக்கு என்று
ஒருத்தி எழும்பி என்.சி. வீதிக் கடைக்குப் போனாள்.
புதிதாய் வாங்கிய களிம்பும் சாதுவில்லை,
நேரம் தவறினால் தோலை உரிக்கும்.
காதுக்குப் பின்னால் ஒரு துளி வைத்து
இரண்டு நாள் கழித்து வா என்கிறேன்.
அந்தத் துளி தோலுக்குத்தான் பதில் சொல்லும்,
நெஞ்சுக்குச் சொல்லாது.
அதற்கு யன்னல்.

காற்று வந்து முடியைச் சுருட்டத்தான் செய்கிறது.
யசோதினி நுனி மட்டும் வெட்டிக்கொண்டு போகிறாள்,
பாதி சீவிய தலையோடு.
றிஸ்மியா காசு மேசையில், கதவோரம்.
அக்கா இன்னும் அவளோடு முழுதாய்க் கதைப்பதில்லை.

போத்தல் மேல்தட்டில் இருக்கிறது,
மூன்று பையில் கட்டி.
கானுக்குள் ஊற்றலாம் என்றா அக்கா.
எங்கள் கான் எங்கே போகிறதென்று
நடந்து பார்த்தேன்.
ஐந்து நிமிசம்.
டச்சு விரிகுடா.
பொடியன்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள்.
திரும்பி வந்து
கட்டிய பையின் மேல்
நான்காவது பை போட்டேன்.