மறந்து, விட்டேன்

எடின்பரோ. கல் கட்டடம், மூன்றாம் மாடி.
அகராதியில் எஃப் வரை வந்திருக்கிறோம்.
போன வாரம் ஃபோர்ஜ்:
கொல்லன் உலையும் கள்ளக் கையெழுத்தும்
ஒரே சொல்லுக்குள் குடியிருந்தன.
இந்த வாரம் ஃபர்கெட்.
செருப்புப் பெட்டி நிறைய நானூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள்,
கூலி கேட்காமல் படிப்பவர்கள்
ஊர் ஊராக எழுதி அனுப்பியவை.

முதல் பொருள் சுலபம்.
பெயர் நாக்கு நுனிவரை வந்து திரும்பிவிடுகிறது.
ஆனால் அதை நிகழ்காலத்தில் சொல்கிறோம்,
'அவர் பெயரை மறக்கிறேன்' என்று,
எப்போதோ போனவர்
இன்னும் படியிறங்கிக்கொண்டே இருப்பதுபோல.

அடுத்தது இலக்கணக்காரர்களின் சண்டை.
செய்ய மறந்தேன் என்றால் வேலை நடக்கவில்லை.
செய்ததை மறந்தேன் என்றால்
வேலை நடந்தது,
ஆள்தான் அங்கே இல்லை.

இடத்தைச் சொன்னால் இந்த வினை முரண்டு பிடிக்கும்.
பஸ்ஸில் குடையை மறக்க முடியாது,
விட்டுவிட்டு வரத்தான் முடியும்.
எதிர் மேஜை டங்கன் இதை ஒப்புக்கொள்வதில்லை.
நனைந்த தலையோடு வாதாடுகிறார்.

தன்னை மறப்பதில் இங்கே பரவசம் ஏதுமில்லை.
விருந்தில் குரலை உயர்த்தினான்,
அல்லது மேலதிகாரியின் மனைவியைக்
கண்ணே என்றான், அவ்வளவுதான்.

'அதை மறந்துவிடு':
நன்றி சொன்னவனுக்கும் இதே பதில்,
கடன் கேட்டவனுக்கும் இதே பதில்.
சொல்கிற தொனியை எப்படி அச்சடிப்பது?

பிறகு மாக்னஸ் ஃப்ளெட்.
ஸ்ட்ராம்னெஸ்காரர்,
கலங்கரை விளக்கத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர்.
இருபத்தாறு வருடமாக எங்களுக்குச் சீட்டு எழுதுகிறார்.
பார்த்ததில்லை. கையெழுத்துதான் முகம்:
டீ எழுத்தின் குறுக்குக்கோடு
காற்றுக்கு எதிரே ஏறுகிற மாதிரி இருக்கும்.

மார்ச் மூன்று. பண்ணை வாசல் பலகையில் கண்டது:
'கதவைச் சாத்த மறக்காதீர்கள். செம்மறிகள் மறப்பதில்லை.'
படித்துச் சிரித்தேன், டங்கனுக்கும் காட்டினேன்.
மார்ச் பதினொன்று. அதே பலகை.
மார்ச் இருபது. அதே.
ஏப்ரலில் ஒரு குறிப்போடு:
'மிஸ் ரேங்கின், நேற்று நடக்கப் போனபோது
புதிதாக ஒன்று கிடைத்தது, உதவுமா பாருங்கள்.'
எழுத்தில் நடுக்கமில்லை.
ஒரு புள்ளிகூடத் தப்பவில்லை.
தேதி மட்டும் நகர்ந்திருந்தது.

இரட்டிப்பு வந்தால் குப்பைக்கூடை,
அனுப்பியவருக்கு அச்சிட்ட அட்டை:
'இம்மேற்கோளை ஏற்கெனவே பெற்றுள்ளோம்.'
விதி அது. விதியை எழுதியவளும் நான்தான்.

அட்டையை டைப்ரைட்டரில் சொருகி
ஃப்ளெட் என்று அடித்தேன், ஸ்ட்ராம்னெஸ் என்று அடித்தேன்.
டங்கன் தேநீருக்குப் போய்
திரும்பியும் வந்துவிட்டார்.
ஐந்தாம் பொருளுக்கு மேற்கோள் போதாமல் கிடந்தது:
'தெரிந்தே செய்யாமல் விடுதல்.'
இரண்டே சீட்டு, இரண்டும் பழைய கோர்ட் வழக்குகள்.

அட்டையை உருவினேன்.
வெள்ளைத் தாளில் எழுதினேன்:
அன்புள்ள ஃப்ளெட், சீட்டு கிடைத்தது.
இது எங்களிடம் இல்லாத ஒன்று.
செம்மறிகளுக்கும் என் வணக்கம்.

நான்கையும் ஒரே கிளிப்பில் கோத்துப்
பெட்டியின் அடியில் வைத்தேன்.
டங்கன் கேட்டார்: 'ஆர்க்னிக்கு அட்டை போட்டாயிற்றா?'
மறந்து, என்றேன்.
விட்டேன்.

அகர வரிசையில் அடுத்த பெட்டி, ஃபர்கிவ்,
மாலையே மேஜைக்கு வந்தது.
மன்னிப்புக்கு இவ்வளவு குறைவாகச்
சீட்டு சேரும் என்று நினைக்கவில்லை.

மே மாதம் ஐந்தாவது வந்தது.
அதே பலகை, அதே ஏறுகோடு.
செம்மறிகள் இல்லை.
கதவு மட்டும் இருந்தது.