அறை 2-14, செவ்வாய் பத்து மணி

மின்னஞ்சலின் முதல் சொல் ‘வருத்தம்’.
கடைசிச் சொல் ‘வாழ்த்துகள்’.
நடுவில் எங்கேயோ
கடற்பாசியியல் மூழ்கிப்போயிருந்தது.

எட்டுப் பேர் வேண்டுமாம்.
ஆறு பேர்தான் சேர்ந்திருக்கிறோமாம்.
பணம் கட்டியபோது
எட்டு என்று ஒரு வாய் சொல்லவில்லை.
பந்தியில் உட்காரவைத்துவிட்டு
கூட்டம் போதாதென்று
இலையை உருவிக்கொண்டார்கள்.

பீட்டர்ஹெட்டில் மீன் ஆலை.
ஒன்பது வருட வேலையை விட்டு வந்தேன்.
கடைசி நாளில் கேக் வெட்டினார்கள்,
நீலக் கிரீமில் ‘பேராசிரியர் மோர்வன்’.
தின்றவர்கள் முப்பது பேர்.
முப்பது பேருக்கும் இப்போது
தனித்தனியாக அல்லவா சொல்ல வேண்டும்!

பதினொரு மாதத்துக்கு வாடகை ஒப்பந்தம்.
சன்னலைத் திறந்தால் டயர் கடை.

மாற்றாக மூன்று படிப்புகள் தந்தார்கள்:
சுற்றுலா மேலாண்மை,
விளையாட்டு நிர்வாகம்,
மூன்றாவதன் இணைப்பு திறக்கவில்லை.

உதவி மையத்தில் இருந்தவன் சின்னப் பையன்.
‘உங்கள் உணர்வு எனக்குப் புரிகிறது’ என்று
திரையைப் பார்த்து வாசித்தான்.
சவரத்தில் கீறிய கன்னத்தில் ஒரு பிளாஸ்திரி.
கோபப்பட எனக்கு ஆள் வேண்டியிருந்தது.
இவன் அந்த ஆள் இல்லை.

என் அட்டவணையில் மட்டும்
செவ்வாய் பத்து மணி, அறை 2-14
இன்னும் பச்சையாகவே இருக்கிறது.
அழிக்க வேண்டியவர் விடுப்பில் இருக்கலாம்.
அவரையும் அழித்திருக்கலாம்.

போனேன். ஏன் என்று கேட்காதீர்கள்.
அட்டையைக் காட்டியதும்
கதவு திறந்தது.
பதினாறு நாற்காலி, ஒரு கண்ணாடித் தொட்டி,
அதன் அடியில் போன வருடத்து உப்பு.

பத்தேகாலுக்கு ஒருவர் வந்தார்.
முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ்,
நரைத்த தாடி, கக்கத்தில்
ஒரு ஐஸ்கிரீம் டப்பா.
டோர்மட் என்றார். யூயிஸ்ட் தீவு.
புயலில் கோபுரம் சாய்ந்து
ஒன்பது நாளாக அங்கே இணையம் இல்லை.
ஒரு கப்பல், மூன்று பஸ்,
தாமதத்துக்கு மன்னிக்கணும் என்றார்
என்னை ஆசிரியை என்று நினைத்து.

“வகுப்பு இல்லை.”
“இன்றைக்கா?”

எத்தனை ஆயிரம் மீனின் வயிற்றைக் கீறியிருக்கிறேன்!
இந்த ஒரு கேள்வியில்
கத்தியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
‘வருத்தத்துடன் தெரிவிக்கிறோம்’ என்றுதான்
வாய் போனது. சீ.
“இல்லை. இனி எப்போதுமே இல்லை.
எனக்கும் இல்லை.”

அவர் உட்கார்ந்தார்.
பூட்ஸிலிருந்து கொஞ்சம் தண்ணீர் வடிந்தது.
ரொம்ப நேரம் கழித்து
“அப்போ இதை என்ன பண்ண?” என்று
டப்பாவைத் திறந்தார்.
அறை முழுக்கக் கரை வந்து நின்றது.

சீவிய தலைமுடி மாதிரி
சிவப்பாக ஒன்றை விரலில் தூக்கிக் காட்டினார்.
“பிறந்ததிலிருந்து மிதிக்கிறேன்.
பேர் தெரியாது.
அதைக் கேட்கத்தான் வந்தேன்.”

என் பையில் எண்பது பவுண்டுப் புத்தகம்.
புரட்டினேன்.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்போல இருந்தது.
நூற்று நாற்பதாம் பக்கம்போலவும்.
இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டேயிருந்தோம்,
அசையாமல்.

அதனால் விளக்கு அணைந்துவிட்டது.
இங்கே ஆள் நடமாடினால்தான் எரியும்.
கையை உயர்த்தி ஆட்டினேன்.
வரவில்லை. அவரும் ஆட்டினார்.
வந்தது.

பிறகு கடிதம் எழுத ஆரம்பித்தோம்.
கட்டணம், வாடகை, கப்பல் டிக்கெட்.
“கோபமெல்லாம் நான் சொல்கிறேன்,
பிழையில்லாமல் நீ எழுது” என்றார்.
மற்ற நான்கு பேர் யாரென்று
எங்களுக்குத் தெரியாது.
கையெழுத்துக்குக் கீழே
நான்கு வரி இடம் விட்டேன்.

இரண்டாம் பத்தியில் மறுபடியும் இருட்டு.
எழுதுவதை நிறுத்தாமல்
இடது கையை உயர்த்தினேன்.