எதுக்களிப்பு

கட்டிலின் தலைமாட்டில் நாலு செங்கல்.
தலையணை உயர்ந்தால் போதாது, கட்டிலே உயரணும் என்று
தஞ்சாவூர் பாலிகிளினிக் டாக்டரம்மா சொன்னதிலிருந்து
சரிவில்தான் தூங்குகிறேன்.
வேதவல்லியும் என்னோடு சரிகிறாள்.
விடியும்போது இருவரும் கால்மாட்டில் கிடப்போம்,
பள்ளத்துக்கு வந்து சேர்ந்த தண்ணீர் மாதிரி.

இன்று வந்த உறையில்
மூன்றாம் முறையாக அதே வாக்கியம்:
படைப்பணியால் உண்டானதல்ல,
படைப்பணியால் முற்றியதுமல்ல.
ஊனம் பதினைந்திலிருந்து பத்தொன்பது சதவீதம்.
இருபது இருந்தால் பென்ஷன்.
அந்த ஒரு சதவீதம்
தொண்டைக்கும் தொப்புளுக்கும் நடுவே
எங்கே பதுங்கியிருக்கிறது என்று
ராத்திரி முழுக்கத் தேடுகிறேன்.

சேரும்போது
கல்லைத் தின்றாலும் கரைக்கிற வயிறு.
அதற்குச் சான்று உண்டு,
திருச்சியில் அடித்த ஊதா முத்திரை.
பிறகு பதினேழு வருஷம்
டப்பாவில் அடைத்த பருப்பு,
மண்ணெண்ணெய் வாசமேறிய பூரி,
ஸ்டவ்வில் உருக்கிக் குடித்த பனி,
முட்டிவலிக்கும் தலைவலிக்கும் ஒரே வெள்ளை மாத்திரை,
வெறும் வயிற்றில்.
படுத்தால் புளிப்பு ஏறிக் காதுவரை எரியும்.
நோய் என்று போய் நின்றால்
மலையிலிருந்து இறக்கிவிடுவார்கள்.
இறக்கினால் படி குறையும்.
தங்கைக்கு அந்த வருஷம்தான் கல்யாணம்.
சொல்லவில்லை.
எப்படியும் உட்கார்ந்திருக்கப் போகிறவன்தானே என்று
இரண்டு முதல் நாலு மணிக் காவலை
நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.
குந்தன் ராவத் தன் முறையையும் என்னிடம் தள்ளிவிட்டுக்
குறட்டை விட்டான்.
கடைசியில் கர்னல் கையால் ஒரு தாள்:
இரவுக் காவலில் இணையற்ற விழிப்பு.

சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம்.
பின்னால் பல்லி குடியிருக்கிறது.
என் நோய்க்கு இருக்கும் ஒரே மருத்துவக் குறிப்பு அது.
யாரும் அப்படிப் படிப்பதில்லை.

நாகப்பட்டினம் ஆபீசில் கிளார்க் தம்பி சொன்னான்,
"குண்டு பட்டிருந்தா சுலபம் சார்."
வருத்தத்தோடுதான் சொன்னான்.
"இது எல்லாருக்கும் வர்றது. எங்கப்பாவுக்கும் இருக்கு."
அவர் என்ன செய்கிறார் என்றேன்.
பரோட்டாக் கடை.
இருவரும் சிரித்தோம்.
சிரித்ததில் எனக்கு ஏறிவிட்டது,
அவன் கொடுத்த தண்ணீர் இறங்கவில்லை.

இப்போது அடப்பாற்றுக் கடைமடையில் தினக்கூலி,
ஷட்டரை ஏற்றி இறக்கும் வேலை.
லஸ்கர் ஓய்வுபெற்ற இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை.
மேட்டூரில் திறந்த தண்ணீர்
இங்கே வருவதற்குள் இளைத்துப்போகும்.
அது தள்ளினால்தான் கடல் தள்ளி நிற்கும்.
தள்ளாத வருஷம், அமாவாசை ஓதத்தில்
உப்பு ஆற்றைப் பிடித்துக்கொண்டு மேலே வரும்.
நாற்றின் நுனி கருகும்.
ஐந்தாம் பலகையின் அடியில் ரப்பர் தேய்ந்து
இரண்டு விரல் சந்து.
மூடியிருக்கிறது என்றுதான் ரிஜிஸ்டரில் எழுதுகிறேன்.
ஏ.இ. குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:
"இது பழசாகித் தேஞ்சதா, வெள்ளத்துல போனதா?
வெள்ளம்னாதான் நிதி கேக்க முடியும்."

இந்தக் கேள்வியை எனக்குத் தெரியும்.
வெள்ளம்னே எழுதுங்க சார் என்றேன்.

நேற்று குந்தனின் குரல் செய்தி,
பின்னால் எருமைக் கழுத்து மணி.
அந்த ஆள் படுத்து நான் பார்த்ததே இல்லை,
சுவரில் சாய்ந்து நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருப்பான்,
அவன் முழிச்சிருக்கான்னுதான் நாங்கள் தூங்கினோம்.
இதைத் தாளில் எழுதி
நோட்டரி முத்திரையோடு அனுப்பு என்று பதில் போட்டேன்.
வேதவல்லி இன்னொரு தடவை கேட்டாள்.
அவளுக்கு இந்தி தெரியாது.
"அழுவுறாரா?"
இல்லை, இருமுகிறான்.

மணி இரண்டு.
ஓதம் ஏறும் நேரம்.
டார்ச்சையும் மூன்று சாக்கையும் எடுத்துக்கொண்டேன்,
ஐந்தாம் பலகைக்கு.