சிவப்புப் பலகை

மாங்குளம் சந்தியிலிருந்து மூன்று கிலோமீற்றர்,
புதுத் தகரம் வேய்ந்த தையல் ஆலை.
இருநூற்றுப் பதினொரு பேர், நாலு கதவு.
அதில் ஒன்று துணிப்பொதிகளுக்குப் பின்னால் இருக்கிறது
என்று கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு நாள்.

விலைப்பட்டியலைப் புரட்டி முகாமையாளர் சொன்னார்:
மலிவானதைப் போடுங்கோ, ஓடிட்டருக்குத்தானே.
இருட்டில் ஒளிர்வதைக் கேட்டேன்.
கரண்ட் இங்கே சொல்லிவிட்டுப் போவதில்லை என்றேன்.
மூன்று மடங்கு விலை.
கதவுகளுக்கு மட்டும் என்று கையெழுத்திட்டார்.

கொழும்பிலிருந்து பெட்டி வந்தது.
சிங்களத்தில் பிழை இருந்தால் எனக்குத் தெரியாது.
ஆங்கிலம் சரி.
தமிழில் 'வெளியேரும் வழி'.
தொலைபேசியில் ஒரு குரல்: விளங்கும்தானே மிஸ், படம் இருக்கே.
திருப்பி அனுப்பினேன்.
பதினேழு நாள் என் கையெழுத்தில் ஒரு மட்டை தொங்கியது.
நெருப்புக்கு ஓடுகிறவன் எழுத்துப் பிழை பார்ப்பானா என்றார்கள்.
பார்க்கமாட்டான்.
ஆனால் நெருப்பில்லாத எல்லா நாளும்
அதற்குக் கீழேதான் நடந்து போகிறோம்.

ஓடுகிற பச்சை மனிதனை
நிறோசினி அண்ணாந்து பார்த்தாள்.
வலது முழங்காலுக்குக் கீழே அவளுக்குப் பொய்க்கால்.
"இந்தாளுக்கு ரெண்டும் கிடக்கு" என்றாள்,
பகிடியாகத்தான்.
அவளுடைய மெஷினை இரண்டாம் கதவோரம் மாற்றினேன்.
வரிசை குழம்பும் என்று மேற்பார்வையாளர் பவானந்தன் சண்டைக்கு வந்தார்.
குழம்பியது.

பிறகு ஒத்திகை.
செவ்வாய் காலை பத்துப் பத்துக்கு மணி.
முற்றத்தில், தகர வாளிக்குள், எண்ணெய்த் துணி எரிகிறது.
தெரிந்தெடுத்த நாலு பேரிடம் ஒரே வேலை:
சிவப்புப் பலகைக்குக் கீழே இருக்கும் உருளையை எடுத்து வருவது.
வரவில்லை.
வாளி தானாக எரிந்து அணைந்தது.
உள்ளே போய்ப் பார்த்தால்
பலகைக்கு நாலு முழம் தள்ளி
நாலு பேரும் வரிசையாக நிற்கிறார்கள்.

"அவ்வளவு பெரிய சிவப்பு, கண் தெரியேல்லையோ?"

"தெரியுது மிஸ்" என்றாள் கலைவிழி.
"அதுதான்."

மூன்று நாள் பயிற்சியில் எனக்குப் படிப்பித்தது:
பச்சை, தப்பும் வழி. மஞ்சள், கவனம்.
சிவப்பு, அணைக்கும் கருவி இங்கே, கிட்ட வா.
பரீட்சையில் அதற்கு ஐந்து புள்ளி, ஐந்தும் எடுத்தேன்.
நான் வவுனியா நகரத்துப் பிள்ளை.
என் பள்ளிக்கூடப் பாதையில் கயிறு கட்டிய காடு இல்லை.
இவர்களுக்கு அகரத்துக்கு முன்னமே பழக்கிய பாடம்:
சிவப்புப் பலகை கண்டால் நில்.
திரும்பாதே, ஓடாதே.
வந்த அடியிலேயே காலை வைத்துப் பின்னால் போ.
நாலு பேரும்
அப்படித்தான் போயிருந்தார்கள்.
தரையில் நூல்தூசி. அடிகள் தெரிந்தன.

நிறத்தை மாற்ற எனக்கு அதிகாரமில்லை.
நியமம் நியமம்தான்.
பலகையைக் கழற்றித் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் அடித்தேன்,
ஒரு நாளைக்கு மூன்று தரமாவது
ஒவ்வொருவரும் போகிற இடம்.
வெள்ளிக்கிழமை வரிசையில் விட்டு
ஆளுக்கொரு முறை உருளையைத் தூக்க வைத்தேன்.
ஊசியை இழு, குழாயைப் பிடி, அடியைப் பார்த்து அடி.
வெள்ளைத் தூள் முற்றத்துப் பாலை மரத்தில் பறந்து படிந்தது,
எல்லோரும் இருமினார்கள், சிரித்தார்கள்.
கலைவிழி கடைசியாக வந்தாள்.
முதலில் பலகையை ஒரு விரலால் தொட்டாள்,
சூடா என்று தோசைக்கல்லைப் பார்க்கிற மாதிரி.

இப்போது ஐந்து மாதம்.
நேற்று மதியம் சுற்றிப் பார்க்கப் போனால்
பலகையின் ஆணியில் ஒரு குடை,
உருளையின் கழுத்தில் இரண்டு சாப்பாட்டுப் பை,
அதன்மேல் சாய்ந்தபடி கலைவிழி
மீன் முள்ளை எடுத்து ஓரமாக வைக்கிறாள்.

விதி நாலு, பிரிவு இரண்டு:
கருவியை எதனாலும் மறைத்தல் ஆகாது.
ஏசத்தான் வேண்டும்.
சாப்பிட்டு முடியட்டும் என்று
வாசலில் நின்றேன்.